கார் கரையேறிய கதை

வெளிநாட்டில் ஓட்டிய காரை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஒருவர் நினைத்தால், அவரிடம் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பிறந்த வருடம் உண்டு. ஸ்டியரிங் எந்தப் பக்கம்? எத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்தீர்கள்? கார் எவ்வளவு காலம் உங்கள் பெயரில் இருந்தது? வரியை எந்தப் பணத்தில் கட்டப் போகிறீர்கள்? இந்தியாவில் எத்தனை மாதம் இருக்கப் போகிறீர்கள்? பதில் சொல்பவருக்கு இவை ஒரே நாளில் யாரோ உட்கார்ந்து எழுதிய கேள்விகள் போலத் தோன்றும். ஒரே நாளில் எழுதப்பட்டவை அல்ல. லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தை எழுதுவதும், ராஜாஜி சாலைக்கு நடந்து போய் சுங்க மாளிகையின் மேஜைகளில் கையெழுத்து வாங்குவதும், ஷெட்டில் சரக்கைக் காட்டி வெளியே எடுப்பதும்தான் தொழில். இரும்பு, மருந்து, இயந்திரம் என்று எத்தனையோ சரக்கு கைமாறியது. கார் மட்டும்தான் ஒரு மனிதரின் கதையோடு வந்து இறங்கியது. அதனால் அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். இந்த நாடு எந்தக் காலத்தில் எதற்குப் பயந்தது என்பது அவற்றில் அப்படியே இருக்கிறது.

தொடக்கத்தில் பயமே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் சென்னையில் ஓடிய கார் ஏறக்குறைய எல்லாமே கடல் வழியாக வந்ததுதான். இங்கிலாந்திலிருந்து பணிக்கு வந்த அதிகாரி கொண்டுவந்த காரும், உள்ளூர்ச் செல்வந்தர் வரவழைத்த காரும் ஒரே தீர்வையைக் கட்டி ஒரே வாசல் வழியே வெளியேறின. குடிபெயர்ந்து வந்தவரின் கார் என்று தனியாக ஓர் இனம் கிடையாது. சென்னையின் முதல் பதிவு எண்ணான எம்.சி. 1, சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்கு உரியது என்று நகர வரலாற்றை எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். அவர் யார்? மெட்ராஸ் போர்ட் டிரஸ்டின் தலைவர். 1912-இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணிதமேதை ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்தது அவருடைய அலுவலகத்தில்தான். எம்.சி. 3, கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாருடையது; நகரில் கார் வைத்திருந்த முதல் இந்தியர் என்று அவரைத்தான் சொல்வார்கள். ராமானுஜனின் கடைசி நாட்கள் கழிந்த சேத்துப்பட்டு வீடு அவருக்குச் சொந்தமானது. கார் வந்திறங்கும் துறைமுகத்தை நடத்தியவரே முதல் எண்ணுக்கும் உரியவராக இருந்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. துறைமுகமும் வண்டிப் பதிவும் அன்று ஒரே சிறிய வட்டத்துக்குள் இருந்தன.

முதல் கேள்வி ஐரோப்பாவில் பிறந்தது. அங்கே ஒருவர் காலையில் ஒரு நாட்டில் கிளம்பி மாலையில் இன்னொரு நாட்டில் இறங்கலாம். அவர் ஒவ்வோர் எல்லையிலும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டுமா? 1909 அக்டோபரில் பாரிஸில் கூடிய நாடுகள் மோட்டார் வண்டிப் போக்குவரத்துக்கு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. சொந்த நாட்டின் எண்ணோடு, 30 சென்டிமீட்டர் அகலமும் 18 சென்டிமீட்டர் உயரமும் உள்ள முட்டை வடிவத் தகடு ஒன்றை வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டால் போதும்; அதில் நாட்டின் எழுத்து இருக்கும். பிரிட்டிஷ் இந்தியாவுக்கு பி.ஐ. என்ற எழுத்துகள். 1947-க்குப் பிறகு ஐ.என்.டி. ஆனது. அந்தத் தகடோடு வந்தவர் விருந்தாளி என்று பொருள். உள்ளூர் எண் வாங்கியவர் குடியேறியவர் என்று பொருள். காரை வைத்து ஒரு மனிதரை இப்படி இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் அங்கேதான் தொடங்கியது. பல பத்தாண்டுகள் கழித்தும் எங்கள் மேஜைக்கு வந்த முதல் கேள்வி அதுதான்: இருக்க வந்தாரா, பார்த்துவிட்டுப் போக வந்தாரா?

பார்க்க வந்தவர் காரை இங்கேயே விற்றுவிட்டால் என்ன செய்வது என்ற சந்தேகத்துக்குப் பதிலாக வந்ததுதான் கார்னே என்ற சிறு புத்தகம். தனியார் வண்டிகளைத் தற்காலிகமாக இறக்குமதி செய்வதற்கான சுங்க உடன்படிக்கை 1954 ஜூன் மாதம் நியூயார்க்கில் கையெழுத்தானது. இந்தியாவும் அதில் உண்டு. ஒரு கார்னேயின் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகக் கிழிக்கலாம். உள்ளே வரும்போது ஒரு துண்டைச் சுங்கத்தார் எடுத்துக்கொள்வார்கள். வெளியே போகும்போது இன்னொரு துண்டு. அடிக்கட்டை முத்திரையோடு புத்தகத்தில் தங்கும். இரண்டு துண்டும் ஜோடி சேராவிட்டால், புத்தகம் கொடுத்த மோட்டார் சங்கம் வரி முழுவதையும் கட்ட வேண்டும். அதனால் சங்கங்கள் காருக்குச் சொந்தக்காரரிடம் முன்பணமோ வங்கி உத்தரவாதமோ வாங்கிக்கொண்டுதான் புத்தகத்தைத் தரும். லண்டனிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாக வந்த வேன்களும் கார்களும் இப்படித்தான் வாகா எல்லைக்குள் நுழைந்தன. 1979-இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையும் வந்த பிறகு அந்தப் பாதை அடைபட்டது. புத்தகம் மட்டும் இன்றும் இருக்கிறது.

குடியேற வந்தவரின் கதை இதைவிடக் கடினமானது. அதற்குக் காரணம் காரை நாமே செய்யத் தொடங்கியது. 1926-இல் ஃபோர்டு இந்தியாவில் கம்பெனி தொடங்கி, பம்பாய், கல்கத்தாவோடு சென்னையிலும் கிளை வைத்தது. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில் பாகங்களைப் பூட்டி கார் ஆக்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு அரசு இன்னும் மேலே போனது. முழுதாகச் செய்த காரை இறக்குவது 1949-இல் தடுக்கப்பட்டது. 1953-இல் தீர்வை ஆணையம், உள்நாட்டிலேயே படிப்படியாகப் பாகங்களைச் செய்யத் திட்டம் இல்லாத கம்பெனிகள் கடையைக் கட்டலாம் என்று பரிந்துரைத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிப் போயின. நம் பக்கத்தில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பிறகு அசோக் லேலண்டாகி லாரிக்கு மாறியது. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி வான்கார்டும் ஹெரால்டும் செய்தது. அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளோடு படித்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. ஆகவே இறக்குமதியைத் தடுத்த சட்டத்தை வெறும் கெடுபிடி என்று என்னால் சொல்ல முடியாது. அந்தச் சட்டத்தின் நிழலில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது.

அடுத்த பயம் அந்நியச் செலாவணி. 1957, 58-இல் கையிருப்பு வேகமாகக் கரைந்தபோது, ஒரு டாலர் வெளியே போவதும் உள்ளே வருவதும் நாட்டின் கவலை ஆனது. காருக்கான விதிகள் அதன்பின் எழுதப்பட்ட விதத்தைப் பாருங்கள். புதிய காரை வாங்கி அனுப்ப முடியாது; ஆனால் வெளிநாட்டில் இரண்டு வருடம் தொடர்ந்து இருந்து, நிரந்தரமாகத் திரும்புகிறவர், ஒரு வருடமாவது தன் கைவசம் இருந்த காரைக் கொண்டுவரலாம். சுங்க வரியை ரூபாயில் வாங்க மாட்டார்கள். வெளிநாட்டுப் பணத்தில் கட்ட வேண்டும். இறங்கிய காரைக் குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது. இந்த மூன்று நிபந்தனைகளிலும் ஒரே எண்ணம்தான் ஓடுகிறது: நீ சம்பாதித்த அந்நியப் பணம் நாட்டுக்கு வரட்டும், ஆனால் கார் சந்தைக்கு வரக் கூடாது. தூதரக அதிகாரிகள் வரியின்றி இறக்கிய கார்களுக்கும் இதே கவலை. 1956-இல் உருவான ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் அவற்றை வாங்கி டெண்டர் வைத்து விற்றது. அந்த டெண்டரில் ஒரு பழைய மெர்சிடிஸோ இம்பாலாவோ கிடைப்பது அன்று பெரிய பேறு.

எங்கள் வேலை இந்த நிபந்தனைகளைக் காகிதத்தில் நிரூபிப்பது. தொண்ணூறுகளில் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் நினைவுக்கு வருகிறார், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒரு டொயோட்டா கரோலா வந்திருந்தது. மேஜையில் அவருடைய பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பி, ஒவ்வொரு முத்திரையின் தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டினார்கள். திரும்புவதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் ஊருக்கு வந்துபோன நாட்கள் எல்லாம் சேர்ந்து எத்தனை என்று பார்க்க வேண்டும். இடையில் வந்தது அதிகமானால் ‘தொடர்ந்து இருந்தவர்’ என்ற தகுதி போய்விடும். நடுவில் ஒரு நீண்ட விடுப்பு இருந்தது. “இது எதுக்கு வந்தீங்க?” என்று கேட்டார்கள். “அம்மா காரியத்துக்கு வந்தேன் சார். பதினாறு முடிஞ்சு அப்பாவைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல” என்றார். தாளில் அதுவும் நாட்களாகத்தான் ஏறியது. கூட்டிப் பார்த்ததில் வரம்புக்குள் இருந்தது. வெளியே வந்ததும் என்னிடம், “அண்ணே, காரை விட்டுட்டே வந்திருக்கலாமோ?” என்று கேட்டார். அந்தக் கார் அவர் பதினைந்து வருட உழைப்பின் கண்ணுக்குத் தெரிந்த ஒரே சாட்சி என்று எனக்குத் தோன்றியது. “வந்தது வந்துருச்சு தம்பி, எடுத்துருவோம்” என்றேன்.

பிறகு ஷெட்டுக்குப் போனோம். மதிப்பிடும் அதிகாரியான அப்ரைசர் முன்னால் பானெட்டைத் திறந்து சேசிஸ் எண்ணைத் தேட வேண்டும். கடல் காற்றில் உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து எண் தெரியாது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிய தாளை அதன்மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் தகட்டில் குழிந்த எழுத்துகள் தாளில் வெள்ளையாக எழுந்து வரும். இதைத்தான் பென்சில் பிரிண்ட் என்போம். சிங்கப்பூரின் பதிவு ரத்துச் சான்று, கப்பல்காரரின் பில் ஆஃப் லேடிங், எங்கள் பில் ஆஃப் என்ட்ரி, இந்தப் பென்சில் தாள் ஆகிய நான்கிலும் எண் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஓவுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் சந்தேகம் வந்தால் கார் ஷெட்டிலேயே கிடக்கும். நாள் வாடகை ஏறும். அன்று நான்கும் பொருந்தின.

மதிப்புப் போடும் முறையை வந்தவர்கள் பலர் நம்பவே மாட்டார்கள். ‘நான் பழைய காராக இத்தனைக்குத்தான் வாங்கினேன்’ என்று ரசீதை நீட்டுவார்கள். சுங்கம் அந்த ரசீதைக் கணக்கில் எடுப்பதில்லை. கார் புதிதாக இருந்தபோது தயாரிப்பாளர் வைத்திருந்த விலையே அடிப்படை. அதிலிருந்து முதல் வருடத்துக்குக் காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாம் வருடம் 3, மூன்றாம் வருடம் 2.5, அதற்குமேல் 2 என்று தேய்மானம் கழிப்பார்கள். மொத்தக் கழிவு 70 சதவீதத்தைத் தாண்டாது. பத்து லட்சம் விலையுள்ள கார் மூன்று வருடம் ஓடியிருந்தால் 38 சதவீதம் போய் 6 லட்சத்து 20 ஆயிரம். இதோடு கப்பல் கூலியும் காப்பீடும் சேரும். வரி இதன்மேல்தான்.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு வலி. இடம் போதாத அந்தத் தீவில் கார் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த 1990 முதல் உரிமைச் சீட்டு ஏலம் விடுகிறார்கள். பத்து வருடத்துக்குள் காரைப் பதிவிலிருந்து நீக்கி வெளியே அனுப்பினால், கட்டிய கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறார்கள். ஓர் அரசு காரை அனுப்பப் பணம் தருகிறது. அடுத்த கரையில் இன்னோர் அரசு அதை அனுமதிக்கப் பணம் கேட்கிறது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. நடுவில் நிற்பவர் ஒரே ஆள்.

வளைகுடாவுக்குப் போனவர்களின் நிலை வேறு. எழுபதுகளிலிருந்து நம் கிராமங்களில் எத்தனையோ பேர் துபாய்க்கும் குவைத்துக்கும் சவூதிக்கும் போனார்கள். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். இறக்குமதி விதி வலப்பக்க ஸ்டியரிங்கைத்தான் ஏற்கும். ஆகவே அவர்களுடைய கார் கப்பலேறவே வாய்ப்பில்லை. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, சுமார் 1,70,000 இந்தியர்கள் நாடு திரும்பினார்கள். பலர் ஜோர்டான் எல்லை வரை சொந்தக் காரில் வந்து, அதை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறினார்கள். இத்தனைக்கும் 1988-ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-ஆம் பிரிவு, இடப்பக்க ஸ்டியரிங் வண்டியை முற்றாக விலக்கவில்லை. சைகை காட்டும் கருவி பொருத்தியிருந்தால் பொதுச் சாலையில் ஓட்டலாம் என்கிறது. சாலைச் சட்டம் விட்டுவைத்த வாசலை வணிக விதி சாத்திவிட்டது. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கவலையோடு எழுதிய விதிகள் இப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன.

கார் பற்றி எழுதும்போது காரே இல்லாமல் வந்தவர்களை விட்டுவிட எனக்கு மனமில்லை. 1960-களில் பர்மாவின் ராணுவ ஆட்சி கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியது. மூன்று தலைமுறையாக ரங்கூனில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஏறக்குறைய வெறுங்கையோடு இதே சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கின. வீடு, கடை, கிட்டங்கி, வண்டி எல்லாம் அந்தக் கரையிலேயே நின்றுபோயின. அவர்கள் பிழைப்புக்காகத் துறைமுகத்தை ஒட்டிய சாலையோரத்தில் உருவானதுதான் 1969-இல் எழுந்த பர்மா பஜார். சுங்க மாளிகைக்குப் போகும்போதெல்லாம் நான் அந்தக் கடை வரிசையைக் கடந்துதான் போவேன். ‘ஒரு வருடம் கைவசம் இருந்த கார்’ என்ற நிபந்தனையை எழுதியவர்கள், ஊர் திரும்புகிறவன் தன் சொத்தைக் கையோடு கொண்டுவர முடியும் என்று எடுத்துக்கொண்டார்கள். அது எல்லோருக்கும் வாய்க்கவில்லை. கரையேறிய கார்களின் வரலாறு, நல்லபடியாகத் திரும்ப முடிந்தவர்களின் வரலாறு மட்டுமே.

சுங்கத்தில் வெளிவந்தாலும் கார் பாதி வழிதான் வந்திருக்கும். மீதிப் பாதி ஆர்.டி.ஓ. அலுவலகம். 1914-இல் முதல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1939-இல் இரண்டாவது, 1989 ஜூலை முதல் இன்றையது என்று பதிவு முறை மூன்று சட்டங்களைப் பார்த்திருக்கிறது. எம்.சி. போய், எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கிய மூன்றெழுத்து வரிசைகள் வந்து, அவையும் போய் டி.என். 01 என்ற மாதிரி வந்தது. பில் ஆஃப் என்ட்ரியைக் காட்டினால்தான் எண் கிடைக்கும். அதிலும் 1990-இல் தமிழ்நாடு மோட்டார் வண்டிகளுக்கு நுழைவு வரிச் சட்டம் கொண்டுவந்தது. வேறு மாநிலத்திலிருந்து வரும் வண்டிக்கென்று எல்லோரும் நினைத்த வரி, கடல் தாண்டி வரும் வண்டிக்கும் பொருந்துமா என்று உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நடந்தன. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நுழைவு வரி அதற்குள் கரைந்தது.

எங்கள் தெருவில் இந்தத் தொழில் முடிந்தது 2001-இல். உலக வணிக அமைப்பின் விதிப்படி அந்த ஏப்ரல் முதல் தேதி 715 வகைப் பொருள்களுக்கு அளவுக் கட்டுப்பாட்டை நீக்க வேண்டியிருந்தது. பழைய கார்களும் அதில் இருந்தன. ஜப்பானின் பழைய கார்கள் வெள்ளமாக வந்து உள்நாட்டுத் தொழிலை மூழ்கடித்துவிடும் என்று அரசு பயந்தது. தடையை எடுத்த கையோடு நிபந்தனைகளை வைத்தது: தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம், ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில், முகப்பு விளக்கின் ஒளி இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு ஏற்றபடி, பரிசோதனைச் சான்று. அடிப்படை வரி 105 சதவீதம்; எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 180. மேலே சொன்ன 6 லட்சத்து 20 ஆயிரம் மதிப்புக் காருக்கு வரி மட்டும் 11 லட்சத்தைத் தாண்டும். புதிய காரின் விலையைவிட அதிகம். எங்களைப் பாதித்தது இன்னொரு நிபந்தனை: பழைய கார் மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வரலாம். சென்னைக்கு வீடு திரும்புகிறவரின் கார் அரபிக் கடலில் இறங்க வேண்டும் என்றானது. அதன்பின் எங்களிடம் விசாரித்தவர்கள் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, காரை அங்கேயே விற்றுவிட்டு வந்தார்கள்.

அந்தப் பயம் பலித்ததா? பாதுகாக்கப்பட்ட தொழில் இன்று என்ன ஆனது என்று பார்த்தால் விடை தெரியும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தது. மறைமலைநகரில் ஃபோர்டு திரும்பி வந்து ஆலை வைத்தது. ஒரு காலத்தில் ஒற்றைக் காரைக் கிரேனில் தூக்கி இறக்கிய சென்னைத் துறைமுகத்திலிருந்து, இங்கே செய்த கார்கள் வரிசையாகக் கப்பலுக்குள் ஓட்டிச் செல்லப்பட்டு ஆப்பிரிக்காவுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் போகின்றன. ஐம்பது வருடம் கதவைச் சாத்தி வைத்ததும், பிறகு திறந்ததும், இரண்டுமே இதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். கதவு சாத்தியிருந்த காலத்தில் அதன் விலையைக் கொடுத்தவர்களில் ஊர் திரும்பிய இந்தத் தனி மனிதர்களும் உண்டு. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்று யாராவது காரைக் கொண்டுவரலாமா என்று கேட்டால், முதலில் தயாரித்த தேதியைப் பாருங்கள், பிறகு ஸ்டியரிங், பிறகு வரி என்று சொல்வேன். காரோடு இருக்கும் பாசம் பெரிதென்றால் கொண்டுவாருங்கள். லாபம் என்று நினைத்தால் வேண்டாம்.

எனக்கு வேறு ஒரு கவலை. பாஸ்போர்ட் தேதிகளைக் கூட்டிய தாள்கள், பென்சில் பிரிண்ட்கள், பில் ஆஃப் என்ட்ரி நகல்கள், பழைய ஆர்.டி.ஓ. பதிவேடுகள், மோட்டார் சங்கங்களின் கார்னே அடிக்கட்டைகள் எல்லாம் இப்போது கணினி வந்தபின் எடைக்குப் போகின்றன. எங்கள் தெருவில் மட்டும் எத்தனை மூட்டை போனது என்று எனக்குத் தெரியும். தமிழர் எந்த நாட்டுக்குப் போனார்கள், எத்தனை வருடம் இருந்தார்கள், எதற்காக நடுவில் ஊருக்கு வந்தார்கள், எதோடு திரும்பினார்கள் என்பதற்கு இவற்றைவிட நேரான சாட்சி கிடையாது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒரு அலமாரி போதும். பழைய ஏஜென்ட் அலுவலகங்களில் இன்னும் மிச்சமிருக்கும் கட்டுகளைக் கேட்டு வாங்கி, தனிமனிதர் விவரங்களை மறைத்துவிட்டுப் பாதுகாக்கலாம். அரசு கேட்டால் கொடுக்க எங்கள் தலைமுறையில் இன்னும் சிலர் இருக்கிறோம். இப்போதே கேட்க வேண்டும்.